நான்காவது அரண்

அரண் எது என்று சொல்ல வந்த திருவள்ளுவர் முதலில் மதிலைச் சொல்லவில்லை. நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு என்று நான்கைச் சொல்லிவிட்டு, அடுத்த குறளில்தான் மதிலுக்கு வருகிறார். செஞ்சிக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மதில்தான். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலை கோட்டையை ஊடுருவிப் போவதால் பேருந்துச் சன்னலிலேயே அது தெரிந்துவிடும். பிறகு மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இறங்கி நடப்பவர்களுக்கு நீரும் தெரியும். செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம், உச்சிக்குப் போகும் வழியில் சுனைகள், கல்யாண மகாலின் மாடிக்குத் தண்ணீர் ஏற்றிய சுடுமண் குழாய்கள். நான்காவதான காட்டை யாரும் பார்ப்பதில்லை. பாறைகளுக்கு நடுவில் பச்சையாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். புகைப்படத்திலும் அது பின்னணியாகவே நின்றுவிடுகிறது.

அந்தப் பச்சைக்குள் நிற்கும் செடிகளில் ஒன்றை வீட்டுக் கொல்லையில் வளர்த்துவருகிறேன். காயா. காசா என்றும் காசான் என்றும் சொல்வார்கள். தாவரவியலில் மெமிசிலான் அம்பெல்லாட்டம். நிகோலாஸ் பர்மன் என்ற டச்சுக்காரர் 1768இல் வைத்த பெயர். ஆளுயரப் புதர். எதிரெதிராக இலை, தோல்போலத் தடித்து, மேற்புறம் பளபளக்கும். நடுநரம்பு தவிர மற்ற நரம்புகள் எளிதில் தெரியாது. பூக்காத நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூக்கும்போது கிளையே நீலமாகிவிடும். ஒவ்வொரு பூவும் மிளகளவுதான்: நான்கு இதழ், எட்டு மகரந்தத் தாள், தாளும் நீலம். தழைத்த நுனியில் மட்டும் அது பூப்பதில்லை. இலை உதிர்ந்து வெறுமையான பழைய கணுக்களில் கொத்துக்கொத்தாக அப்பிக்கொள்ளும். முதிர்ந்த கட்டையிலிருந்து இத்தனை நீலம் வருவதைப் பார்க்கும்போது எந்த ஆண்டும் எனக்கு வியப்பு தீர்ந்ததில்லை.

வியப்பு பூவோடு நின்றுவிடுவதுமில்லை. செஞ்சியின் வெயிலை அறிந்தவர்களுக்கு, சித்திரையில் பாறைச் சரிவில் ஒரு செடி இலை கொட்டாமல் நிற்பதே பெரிய செய்தி. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தபின் வானம் கையை விரித்துவிட்டால், அடுத்த நல்ல மழைக்கு ஆடி ஆவணி வரை காத்திருக்க வேண்டும். இத்தனை நீண்ட வறட்சியைத் தாங்க மரங்கள் பொதுவாக எடுக்கும் முடிவு இலையைக் கொட்டிவிடுவது. ஒதியம் கொட்டும், வெப்பாலை கொட்டும், இலவு கொட்டும். அவற்றின் இலைகள் மெல்லியவை, ஆண்டுதோறும் புதிதாகச் செய்துகொள்ளக் கட்டுப்படியாகும். மழையில் வேகமாக உண்டு, வேகமாக வளர்ந்து, வெயிலில் கடையைக் கட்டிவிடுகிற மரங்கள் அவை.

காயா வேறு கணக்கு போடுகிறது. அதன் இலை தடிமனானது, மெழுகு பூசியது, செய்வதற்குச் செலவு அதிகம். ஆகவே ஒருமுறை செய்ததைக் கொட்ட அதற்கு மனம் வராது. நீர் ஆவியாகாமலிருக்க இலைத்துளைகளை இறுக்கி வைத்துக்கொள்கிறது. துளை மூடியிருக்கும்போது நீர் வெளியே போகாது என்பது மட்டுமில்லை, காற்றிலிருந்து கரியமிலவாயுவும் உள்ளே வராது. உணவு தயாரிப்பது குறையும், வளர்ச்சியும் குறையும். ஆண்டு முழுக்கப் பச்சையாக இருப்பதற்கு இந்தச் செடி கொடுக்கும் விலை மெதுவாக வளர்வது. வறட்சியைத் தாங்கும் செடி என்று தோட்டப் புத்தகங்கள் ஒரு வரியில் எழுதிவிடுகிற குணத்தின் உள்ளே இவ்வளவு பெரிய ஒப்பந்தம் இருக்கிறது. தண்ணீர் வேண்டாத செடி என்று ஒன்று உலகில் கிடையாது. கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ப ஆசையைக் குறைத்துக்கொண்ட செடிதான் உண்டு.

பாறையும் அதற்கு உதவுகிறது. மலையேறும்போது கவனித்தால் தெரியும்: காயா நிற்கும் இடம் பெரும்பாலும் பெரிய பாறையின் அடிவாரம், அல்லது இரண்டு பாறைகளுக்கு நடுவே மண் சேர்ந்த இடுக்கு. மழை மொட்டைப் பாறையில் விழுந்து ஒரு சொட்டும் ஊறாமல் வழிந்து, முழுவதும் அந்த இடுக்கில் போய் இறங்குகிறது. ஒரு முழம் மண்ணுக்குப் பத்து முழம் பாறையின் தண்ணீர் கிடைக்கிறது. வேர் வெடிப்புக்குள் இறங்கி, வெயில் எட்டாத ஆழத்தில் அந்த ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. சுனை வெட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள். வழிகிற நீரை ஒரு பள்ளத்தில் நிறுத்தி, நிழலில் வைத்துப் போற்றினார்கள். கோட்டையின் நீர் அறிவும் இந்தச் செடியின் நீர் அறிவும் ஒரே பாறையில் கற்றவை.

இலை கொட்டாத இந்த வறண்ட காட்டுக்குத் தனி வகைப்பாடே உண்டு. 1968இல் ஹாரி சாம்பியனும் எஸ். கே. சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் இருந்த காடு. இப்போது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பல துண்டுகள் பிழைத்திருப்பது ஐயனாருக்கும் அம்மனுக்கும் விட்டுவைத்த கோயில் காடுகளாக. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி அப்படி ஒரு காடு இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தக் கரையின் காடுகளில் மரம் மரமாக எண்ணியிருக்கிறார்கள். பல இடங்களில் எண்ணிக்கையில் முன்னால் நின்றது காயாதான்.

அந்தக் கோயில் காட்டுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அங்கே காயா புதர் இல்லை. சிறு மரம். தண்டு உண்டு, தலைக்குமேல் கிளை உண்டு, அடியில் உட்கார நிழல் உண்டு. செஞ்சி மலைச் சரிவில் இடுப்பளவு, ஆளளவு நிற்கும் புதர்கள் அந்த மரத்தின் வெட்டுப்பட்ட வடிவம். காயாவின் கட்டை இரும்புபோல இறுகியது, அடுப்பில் நின்று எரியும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். மறுபடி வெட்டு, மறுபடி துளிர். தலைமுறை தலைமுறையாக இப்படியே போனால் மரம் தன் உயரத்தை மறந்து புதராகவே வாழப் பழகிவிடுகிறது.

செஞ்சியில் யார் யாரெல்லாம் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டான். எட்டு ஆண்டு! உள்ளே ஒரு படை, வெளியே ஒரு படை, குதிரைகள், கூடாரங்கள், படையோடு வரும் கடைத்தெரு. அத்தனை பேருக்கும் இரண்டு வேளைச் சோறு எதில் வெந்தது? வரலாற்று நூல்கள் பீரங்கியையும் பேரத்தையும் சொல்கின்றன, விறகைச் சொல்வதில்லை. அதன்பின் நவாபு, 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, 1761இல் ஆங்கிலேயர். ஒவ்வொரு கொடியும் ஏறி இறங்கியபோது சரிவுகளில் எத்தனை அடிக்கட்டைகள் மீண்டும் துளிர்த்தனவோ. இன்று நாம் பார்க்கும் புதர்களில் சிலவற்றின் வேர் எவ்வளவு பழையது என்று சொல்ல யாருமில்லை. மேலே தெரியும் கிளையின் வயதை வைத்து அதைக் கணக்கிட முடியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மதிலின் இடுக்கில் முளைக்கும் ஆலையும் அரசையும் அகற்றத்தான் வேண்டும், அவை கல்லைப் பிளந்துவிடும். ஆனால் சரிவில் நிற்கும் காயாவையும் அதே கண்ணோடு களை என்று பார்க்கத் தொடங்கினால், நான்கு அரணில் ஒன்றை நாமே வெட்டியவர்கள் ஆவோம். கோட்டையின் வெளிப்புறத்தில் அடர்காடு வளர்த்துக் காப்பது தமிழ் மன்னர்களின் பழக்கம், காவற்காடு என்று அதற்குப் பெயரே இருந்தது. மதிலுக்கு மதிப்புக் கொடுக்கிற நாம் அதற்கு வெளியே நின்ற காவலுக்கும் கொடுக்கலாம்.

இலக்கியத்தில் காயாவுக்கு இல்லாத மதிப்பா? முல்லை நிலத்துப் பூ அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் நீண்ட வரிசையில் அது இருக்கிறது. குறுந்தொகையில் ஔவையார், பூத்த காயாக் கிளையை மயிலின் கழுத்துக்கு ஒப்பிடுகிறார். கிளையைச் சுற்றி நெருக்கமாக நீலம் படர்வதைப் பார்த்தவர் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கருவிளையையும் காயாவையும் கூப்பிட்டு, திருமாலின் நிறத்தைக் காட்டுகிறீர்களே என்று முறையிடுகிறாள். காயாம்பூ வண்ணன் என்ற பெயரைச் சொல்லித்தான் இன்றும் கும்பிடுகிறோம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குன்றில் பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் போருக்குப் புறப்படுமுன் விடைபெற வந்தபோது, போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குன்றின் படியில் ஏறுகிறவர்களிடம் காயாம்பூ எது என்று கேட்டால் எத்தனை பேர் கை நீட்டிக் காட்டுவார்கள்? சங்குப்பூவைக் காட்டுவார்கள், அல்லது சிரிப்பார்கள். பாட்டில் இருக்கும் பூ பக்கத்துப் பாறையில் இருக்கிறது என்று தெரியாமலே நாம் வளர்ந்துவிட்டோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

உழைப்பவர்கள் புலவர்களைவிட அதிகமாக அதை அறிந்திருந்தார்கள். காயா இலை மஞ்சள் சாயம் தரும். கடுக்காயும் பதிமுகக் கட்டையும் சேர்த்துக் காய்ச்சினால் ஆழ்ந்த சிவப்பு வரும், கோரைப்பாய்க்கு அந்தச் சிவப்பைத்தான் ஏற்றினார்கள். மண்ணிலிருக்கும் அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் பழக்கம் இந்தச் செடியின் இனத்துக்கு உண்டு. சாயம் நூலில் ஒட்டிப் பிடிக்கப் படிகாரம் செய்கிற வேலையை இலையே செய்துவிடும். பழுத்துக் கறுத்த பழத்தை ஆடு மேய்க்கும் பிள்ளைகள் தின்பார்கள். லேசான இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, நாக்கு ஊதாவாகும்.

இனி தோட்டம். காயா வளர்க்க ஆசைப்பட்டவர் செய்யக் கூடாத முதல் வேலை மலையிலிருந்து பிடுங்கிவருவது. அது சட்டத்துக்கும் பொருந்தாது, செடியும் பிழைக்காது. வேர் பாறை வெடிப்பில் இருக்கும், கையில் வருவது அறுந்த துண்டுதான். விதையிலிருந்தே தொடங்க வேண்டும். பழம் கறுத்ததும் சதையைக் கழுவி எடுத்துவிட்டு அப்போதே விதைக்க வேண்டும். டப்பாவில் போட்டு அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளும் விதை இல்லை இது, காய்ந்தால் உயிர் போய்விடும். முளைப்பதும் நிதானம். நர்சரிகளில் கேட்டால் அரளியும் காகிதப்பூவும் தேமாவும் எடுத்துத் தருவார்கள். எல்லாம் நல்ல செடிகள், வறட்சி தாங்குபவை, அவற்றின்மேல் எனக்குக் குறையில்லை. காயாவுக்கு ஆரோவில் பக்கத்துக் காடு வளர்ப்பவர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது. இந்தக் கரையின் சொந்த மரங்களை விதையிலிருந்து எடுத்து வளர்க்கும் வேலையை அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

நட ஏற்ற காலம் புரட்டாசி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மண்ணில் இருந்துவிட்டால், தை வரை கிடைக்கும் ஈரத்தில் வேர் கீழே இறங்கிவிடும். வைகாசியில் நட்டு வாளி வாளியாக ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். குழியில் செம்மண்ணும் சரளையும் இருந்தால் போதும். எருவை அள்ளிக் கொட்டினால் கிளை சோம்பலாக நீளும், இலை மெலியும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் துணை வேண்டும். அதற்கு நான் செய்வது மண்பானை. பூச்சில்லாத சிறு பானையைச் செடியருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடிவிடுவது. பானைச் சுவரில் கசிகிற ஈரம் வேருக்கு நேராகப் போகும். சீனத்தில் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. மண்ணின் மேல் மல்லாட்டைத் தொலியைப் பரப்பிவிட்டால் வெயில் ஈரத்தைத் திருடாது. இந்தப் பக்கம் மல்லாட்டைத் தொலிக்குப் பஞ்சமே கிடையாது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயையும் செடிப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். மலையில் பாறை செய்யும் வேலையை வீட்டில் மாடி செய்கிறது.

இதெல்லாம் செய்தபின் ஒன்றும் நடக்காது. இதற்குத்தான் மனம் தயாராக வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு இலை, நான்கு இலை. பக்கத்து வீட்டு ஆயா வேலியோரம் நின்று கேட்டார், “ஏங் கண்ணு, தண்ணி ஊத்துறியா இல்லியா? வச்சது வச்ச மாதிரியே நிக்குதே.” வேர் விட்டுக்கினு இருக்குது ஆயா என்றேன். அவர் நம்பவில்லை. அவர் வைத்த முருங்கை அதற்குள் காய்த்து, குழம்பாகி, எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. காயாவை நட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த அவர் பேரன், அதன் முதல் பூவைப் பார்க்கப் பள்ளிச் சீருடையில் வந்தான்.

அந்தக் காத்திருப்பைக் குறையென்று நான் எண்ணுவதில்லை. போர் போட்டு, சின்டெக்ஸ் டேங்கை நிரப்பி, காலையும் மாலையும் டியூபைப் பிடித்து வளர்க்கும் தோட்டத்தில் எல்லாம் சீக்கிரம் வரும். கத்திரி வெயிலில் மோட்டார் காற்றைக் கக்கும் நாளில் எல்லாம் சீக்கிரம் போகும். செஞ்சியில் அது நடக்காத கோடை குறைவு. மெதுவாக வந்த செடி அந்த நாளில் நின்றுகொண்டிருக்கும். நம் அவசரத்துக்கு ஏற்ற செடியைத் தேடுவதைவிட, ஊரின் மழைக்கு ஏற்ற வேகத்தில் நாம் காத்திருக்கப் பழகுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வளர்ந்தபின் ஒரு எச்சரிக்கை. வேலிபோலச் சதுரமாகக் கத்தரித்துவிடாதீர்கள். பூ வருவது பழைய கணுவில். ஆண்டுதோறும் மட்டமாக வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், நீலம் கிடைக்காது. காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிட வேண்டும். பூக்கும் வாரத்தில் தேனீக்கள் வரும். மகரந்தத் தாளின் முதுகில் இருக்கும் சிறு சுரப்பி அவற்றுக்கு ஒரு காரணம், மகரந்தம் இன்னொரு காரணம். பழம் கறுத்தால் கொண்டைக்குருவிகள் நமக்கு மிச்சம் வைப்பதில்லை. அவை எச்சமிட்ட இடத்தில், கொல்லைச் சுவரோரம், நான் விதைக்காத கன்றுகள் இரண்டு முளைத்து நிற்கின்றன.

பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊருக்கு இனி அழகுபடுத்தும் திட்டங்கள் வரும். புல்தரை போடுவார்கள், வரிசையாகப் பனைபோன்ற வெளிநாட்டு மரங்களை நடுவார்கள், இரண்டுக்கும் நாள்தோறும் லாரித் தண்ணீர் வேண்டும். அந்த இடங்களில் காயாவையும் அதன் காட்டுத் தோழர்களான வெட்சி, வீரை, உலக்கைப்பாலை முதலியவற்றையும் நட்டால் செலவும் குறையும், கோட்டைக்கு அதன் காடும் திரும்பக் கிடைக்கும். இதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் இருவர் கன்று கேட்டிருக்கிறார்கள். பள்ளி மதிலோரம் இடம் தருவதாகவும் பேச்சு. ஆறடிக்கு ஒரு குழி போதும், ஆடு வராமல் முள் வைக்க வேண்டும், ஆவணிக்குள் குழி எடுத்து ஆறப் போட்டுவிட்டால் புரட்டாசியில் நட்டுவிடலாம்.